மணிக்காரன் வண்டி

இந்த வீட்டு வாசலில் மின்சார கார் வந்து நிற்கவே கூடாது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். முடிவு கட்டியவர் யார் என்று கேளுங்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை மின்சார கார்களைக் கட்டிக்கொண்டு அழுகிற மனிதர். கார் கம்பெனி ஒன்றில் ஒப்பீட்டுப் பிரிவுக்குத் தலைவர்.

அவர் வேலை இன்னதென்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவருடைய அவஸ்தை புரியாது. போட்டிக் கம்பெனிக்காரன் புதிதாக ஒரு கார் விட்டால், வேறு யார் பேரிலாவது அதை வாங்கி வருவார்கள். உருளைகள் மேல் நிறுத்தி, பேட்டரி உயிரை விடும்வரை ஓட்டிப் பார்ப்பார்கள். அப்புறம் ஸ்குரூ ஸ்குரூவாகக் கழட்டுவார்கள். மோட்டாருக்கு ஒரு மேஜை, ஒயருக்கு ஒரு மேஜை, பேட்டரியைக் குளிர வைக்கிற தகட்டுக்கு ஒரு மேஜை. ஒவ்வொன்றையும் எடை போட்டு, நம்முடையது ஏன் இதைவிட கனமாக இருக்கிறது என்று சுற்றி நின்று துக்கம் விசாரிப்பார்கள். போட்டிக்காரன் பெயரை அங்கே யாரும் வாயில் எடுப்பதில்லை. காரின் மூக்கில் இருக்கிற சின்னத்தை வைத்துத்தான் பேச்சு. மீன்காரன், பட்டக்காரன், மணிக்காரன்.

அவர் மனைவிக்கு மருந்துக் கடையில் வேலை. அவளுடைய அக்கா வேறொரு ஊரில் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகக் கிடந்தாள். மூன்று பஸ் மாறிப் போய், அக்கா பக்கத்தில் உட்கார்ந்து தலை வாரிவிட்டு நிமிர்வதற்குள் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். சொந்தமாக ஒரு கார் இருந்தால் தேவலை என்று அவள் நினைத்ததில் ஒரு தப்பும் இல்லை. லைசன்ஸ் இருந்தது, சம்பாத்தியம் இருந்தது. கார்களைப் பிரித்து மேய்ந்த புருஷனும் இருந்தார். அவர் "சரி" என்று சொல்லவேண்டியதுதான் பாக்கி.

அவர் சொல்லவில்லை. மைத்துனி மேல் அவருக்கு வருத்தம் ஏதுமில்லை, பாவம் அவள். பயம் வேறு. கார் வந்துவிட்டால் கடைசி பஸ் என்ற ஒன்றே இல்லாமல் போய்விடும். அந்தக் கடைசி பஸ்தான் இத்தனை நாளாக மனைவியை வீட்டில் கொண்டுவந்து சேர்த்தது. ஒரே மகளும் வேலைக்கென்று எங்கேயோ போய்விட்டாள். ஒருமுறை மனைவி பஸ்ஸைத் தவறவிட்டு அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டபோது, மனிதர் எல்லா அறையிலும் விளக்கைப் போட்டுவிட்டு சமையலறைக் குழாய் சொட்டுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தச் சத்தமாவது துணைக்கு இருக்கட்டும் என்று குழாயை இன்றுவரை சரிசெய்யவில்லை. தனியாக இருக்க முடியவில்லை என்று அவளிடம் சொல்லித் தொலைத்திருக்கலாம். வாய் வரவில்லை. பழியைத் தூக்கி கார்கள் மேல் போட்டார்.

"மீன்காரன் வண்டி எப்படிங்க?" என்றாள் ஒரு நாள், கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே.

"பின்பக்கம் முழுசையும் ஒரே வார்ப்பா ஊத்தியிருக்கான். லேசா இடிச்சா பாதி வண்டிய மாத்தணும்."

"பட்டக்காரன்?"

"எழுபது துண்டை ஒட்ட வெச்சிருக்கான். கிலுகிலுப்பை."

"ஒண்ணா ஊத்தினாலும் தப்பு, துண்டா ஒட்டினாலும் தப்பு. சரி, உங்க கம்பெனி வண்டி?"

"நல்ல வண்டிதான்." கொஞ்சம் யோசித்தார். "ஆனா அதை எப்படி செய்யறாங்கன்னு நான் பார்த்திருக்கேனே."

"அப்ப மணிக்காரன்?"

இங்கேதான் அவர் மாட்டிக்கொண்டார். மணிக்காரன் வண்டியைப் போன மாதம்தான் கழட்டியிருந்தார். அத்தனை வருஷ வேலையில், பாதி கழட்டிய ஒரு காரின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றது அன்று ஒரு நாள்தான். ஒயர்கூட அளவாக, அழகாக ஓடியது. குறை ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். ஏதாவது குறை கண்டுபிடித்து எழுதும்படி மேலிடம் திருப்பி அனுப்பியது. இது மட்டும் இவள் காதுக்குப் போனால் கதை கந்தல் என்று அவருக்கு வியர்த்தது.

"அந்தப் பேச்சே எடுக்காதே. சுத்தக் குப்பை. மழை பெஞ்சா பாதி தூரம், வெயில் அடிச்சா கால்வாசி தூரம். உங்க அக்கா வீட்டுக்குப் போனா, அதே சார்ஜுல திரும்பி வராது. வழியிலேயே நிக்கணும்."

"வழியில வேகமா சார்ஜ் ஏத்தற இடம் இருக்காமே?"

"வேகமா ஏத்தினா பேட்டரி செத்துடும். வீட்டு ப்ளக்குலதான் போடணும். ரெண்டு நாள் ஆகும்."

"ரெண்டு நாளா?"

"முழுசா ரெண்டு நாள்."

"அப்படியாங்க," என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த கத்தரிக்காயை எடுத்தாள். தொல்லை விட்டது என்று அவர் பேப்பரைப் பிரித்தார்.

சில வாரம் போனது. ஒரு நாள் போனை வைத்துவிட்டு வந்தவள், நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தாள்.

"அக்காவுக்குப் பேச்சும் போயிடுச்சாம்."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. என்ன சொன்னார் தெரியுமா? "அடுத்த வருஷம் புது மாதிரி பேட்டரி வருது. அதுவரைக்கும் பொறுத்துக்கோ."

"நான் பொறுத்துப்பேங்க. அக்கா பொறுக்கணுமே."

அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. கல்லுளிமங்கன்.

அந்த சனிக்கிழமை காலையில் எழுந்து வந்தவர் கூடத்தில் ஒரு ஒயரைப் பார்த்தார். ப்ளக்கிலிருந்து கிளம்பி, ஜன்னல் வழியாக வெளியே போனது. பிடித்துக்கொண்டே வாசலுக்குப் போனார். ஒயரின் மறுமுனையில் கார் நின்றது. மூக்கில் மணி. மனைவி பின்கதவைத் திறந்து பையை வைத்துக்கொண்டிருந்தாள்.

"இது மணிக்காரன் வண்டியாச்சே."

"ஆமாங்க. நேத்தே வந்துடுச்சு. பின் தெருவுல நிறுத்தியிருந்தேன்."

"குப்பைன்னு சொன்னேனே."

"அதனாலதான் இதை எடுத்தேன். மத்ததையெல்லாம் ஒரு வரியில திட்டினீங்க. இதை மட்டும் வேர்த்து விறுவிறுத்துத் திட்டினீங்க. கல்யாணமான நாள்லேருந்து பார்க்கறேன். எந்தக் குழம்பு ரொம்பப் பிடிக்குதோ, அதுலதான் உப்பு ஜாஸ்திம்பீங்க. சொல்லிட்டு இன்னொரு கரண்டி கேப்பீங்க."

அவர் பேச்சை மாற்றப் பார்த்தார். பை கண்ணில் பட்டது. ஒரு நாளைக்கான பை இல்லை அது.

"பை பெரிசா இருக்கே."

"நீங்க சொன்னதுதாங்க. போனா அதே சார்ஜுல திரும்பாது, வேகமாவும் ஏத்தக் கூடாது. அக்கா வீட்டு ப்ளக்குல ரெண்டு நாள் போட்டு வைக்கணும். நான் என்ன பண்ணட்டும், தங்கித்தான் ஆகணும். வாரா வாரம் இப்படித்தான் போல."

உருளை மேல் நிறுத்தி அந்தக் காரை ஓட்டிப் பார்த்தவரே அவர்தான். ஒரு சார்ஜில் அக்கா வீட்டுக்கு இரண்டு நடை போய் வந்துவிடும். சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் குழாய்ச் சத்தம். கடைசியில் மானத்தைக் கீழே வைத்தார். முதல் தடவை என்பதால் பத்திரமாக வைத்தார்.

"அது ஒரே சார்ஜுல போய்ட்டு வந்துடும். ரெண்டு தடவைகூட. நான் சொன்னது பொய்."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"நீ இல்லாத வீட்ல என்னால இருக்க முடியலை."

இத்தனை வருஷத்தில் அவர் அப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை. கண் கலங்கிவிட்டது. அவள் கிட்டே வந்து, அவர் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டாள். பை கீழே இறங்கிவிடும் என்று அவருக்கு நம்பிக்கை வந்தது.

"தெரியும்ங்க," என்றாள் மெதுவாக. "ஷோரூம்ல ஓட்டிப் பார்க்கக் கொடுத்த அன்னிக்கே அக்கா வீடு வரைக்கும் போய்ட்டு வந்துட்டேன். பாதிகூட இறங்கலை."

"அப்ப சாயங்காலம் வந்துடுவே."

"ரெண்டு நாள் கழிச்சு வரேன்."

"நானும் வரட்டுமா?"

"நீங்க வந்தா நான் அக்காவைப் பார்ப்பேனா, உங்களைப் பார்ப்பேனா?" ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தி, கண்ணாடியை இறக்கினாள். "அந்த ஒயரைக் கொஞ்சம் கழட்டி விடுங்க. உங்களுக்குத் தெரிஞ்ச வேலைதானே."