வயிற்றில் கட்டிய தலையணை

"ஏட்டி, குக்கர இறக்கு! விசில் வரப் போவுது!"

சுகன்யா ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கணவனை முறைத்தாள். "பருப்பு எப்படி வேகும்? நீங்க போய்க் கெஞ்சுவீங்களா?"

சுடலைராஜ் கோயில் கொடைத் திருவிழாக்களில் தவில் அடிப்பவன். சேரன்மகாதேவி வட்டாரத்தில் அவன் கொட்டுக்கு ஆடாத சாமி கிடையாது. கொடை இல்லாத நாளில் பகலெல்லாம் வீட்டிலேயே அடித்துப் பழகுவான். அப்படிப்பட்டவன் ஒரு வாரமாகச் சத்தத்துக்குப் பயந்து சாகிறான். எல்லாம் அடுத்த வீட்டு நேசையா அண்ணாச்சி போனில் அனுப்பிய வீடியோவால் வந்தது. கொட்டுச் சத்தம் கேட்டால் வயிற்றுப் பிள்ளைக்குப் புத்தி கலங்கிவிடுமாம். அரிசி மில்லில் இரவுக் காவல் பார்க்கும் அண்ணாச்சி, பகல் தூக்கத்தை விட்டு எழுந்து வந்து, "பிள்ளதாம்லே முக்கியம்" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

ஏழு வருஷம் கழித்துத் தரித்த பிள்ளை. விடுவானா? தவிலைச் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றினான். மிக்ஸிக்குத் தடை போட்டான். அம்மியில் அரைத்தாள், அது கடகடத்தது, அதற்கும் தடை. கோயிலில் ரேடியோக் குழாய் கட்டிப் பாட்டுப் போட்டதும் அவள் காதில் பஞ்சை அடைத்தான். அப்புறம்தான், கேட்கிற காது உள்ளே அல்லவா இருக்கிறது என்று உறைத்தது. வயிற்றைச் சுற்றித் தலையணையைக் கட்டினான்.

மறுநாள் காலையில் சுகன்யாவின் குரல் உடைந்தது. "ஏங்க, பிள்ள அசையவே மாட்டேங்குது."

ஆட்டோவில் அண்ணாச்சியும் கூடவே ஏறிக்கொண்டார். முகம் வெளிறியிருந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் தலையணையை அவிழ்த்து ஓரமாக வைத்தாள். கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, "துடிப்பு நல்லாருக்கு. அசைவு வருதான்னு பாப்போம்" என்றாள்.

சுடலைராஜ் கட்டில் கம்பியைப் பிடித்தான். பழகிய விரல்கள், தம்பாட்டுக்கு அதில் தாளம் போட்டன.

"ஏங்க!" சுகன்யா துள்ளினாள். "உதைக்குது! நிறுத்தாதீங்க, அடிங்க!"

அவன் அழுதுகொண்டே அடித்தான். நர்ஸ் தடுக்கவில்லை.

வாசலில் நின்ற அண்ணாச்சி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஏலே, அந்த வீடியோவ நான் பிள்ளைக்காவ அனுப்பல, என் பகல் உறக்கத்துக்காவ அனுப்புனேன். இப்ப ஒரு வாரமா உன் கொட்டு இல்லாம எனக்கும் உறக்கம் வரல. வீட்டுக்குப் போனதும் தவில இறக்குலே."