“கதவைத் திறய்யா!”

குரலை உயர்த்தக் கூடாது, கையை ஓங்கக் கூடாது, மகளின் காதலை மூன்றே மூன்று சினிமா டிக்கெட்டில் முடித்துவிட வேண்டும் என்று சாவியார் தீர்மானம் செய்தார்.

சாவியார் என்பது தெருவில் வைத்த பெயர். பூட்டு ரிப்பேர் கடை வைத்திருந்தார். எப்பேர்ப்பட்ட பூட்டும் அவர் கை பட்டால் வாயைத் திறந்துவிடும். வீட்டில் மட்டும் அவர் வாய்க்குத்தான் பூட்டு.

மூன்று நாளைக்கு முன்னால், சாப்பிடும்போது மகள் தலையைக் குனிந்தபடி ஒரு விஷயம் சொன்னாள். அவள் வேலை பார்க்கும் மருந்துக் கடைக்கு மேல்மாடியில் ஒரு பல் டாக்டர். அவரைப் பிடித்திருக்கிறது. அவர் வேறு மதம்.

“பல்லைப் பிடுங்குறவன் என் பொண்ணையே பிடுங்கப் பார்க்கிறானா?” என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்தவர்தான். அதற்கப்புறம் வீட்டில் பேச்சே இல்லை. மகள் வீங்கிய கண்ணோடு வேலைக்குப் போனாள், வந்தாள். மூன்றாம் நாள் காலையில் சாவியார் ஒன்றைக் கவனித்தார். அலமாரி மேல் கிடந்த அவளுடைய பெட்டி கீழே இறங்கியிருந்தது. தூசி துடைத்து வேறு வைத்திருந்தாள். வீட்டை விட்டுக் கிளம்பத் தயாராகிறாள் என்று அவருக்குப் புரிந்தது.

அன்றைக்குத்தான் கடைக்கு ஒரு தையல்காரர் மாற்றுச் சாவி போட வந்தார். வந்தவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தார்.

“ஜலதோஷமா?”

“இல்லைங்க. படம் பார்த்தேன். இந்தியாவில எடுத்து இங்கே வந்திருக்கிற காதல் படம். அவன் ஒரு மதம், அவ ஒரு மதம். கடைசியில பிரிஞ்சுடுறாங்க. தியேட்டரே எழுந்து நின்னு கை தட்டுது. எனக்கு ரெண்டு நாளா சோறு இறங்கலை.”

“பிரிஞ்சுடுறாங்களா? நிச்சயமா?”

“சத்தியமாங்க.”

சாவியார் அந்தச் சாவிக்குக் காசே வாங்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம், “ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணு பேரும் படத்துக்குப் போறோம்” என்றார்.

“எந்தப் படம்?”

சொன்னார். மனைவியின் முகம் வாடியது.

“அந்த அழுகைப் படமா? வேணாங்க. பொண்ணு இருக்கிற நிலைமையில...”

“அதுக்குத்தான் சொல்றேன். கண்ணால பார்த்தா புத்தி வரும்.”

“உங்க இஷ்டம். நீங்க சொன்னா சரி” என்று மனைவி பெருமூச்சு விட்டாள். “அலைய வேணாம், டிக்கெட்டை நானே எடுத்துடறேன்.”

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் ‘நீங்க சொன்னா சரி’ என்று அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. நெஞ்சு ஒரு அங்குலம் அகலமானது.

தியேட்டரில் ஓரத்தில் மகள், அடுத்து மனைவி, அடுத்து சாவியார். அவருக்கு இந்தப் பக்கம் பீரோ மாதிரி ஒரு பெரிய மனிதர், தன் மனைவியோடு. படம் தொடங்கியது. சாவியார் திரையைப் பார்க்கவில்லை. மகளின் முகத்தையே பார்த்தார். அவள் கண் கொட்டாமல் பார்த்தாள். எப்போது புத்தி வரும் என்று இவர் காத்திருந்தார்.

எந்த நிமிஷத்தில் தானே திரைக்குத் திரும்பினார் என்று அவருக்கே தெரியாது. பெண் வீட்டில் விளக்கேற்றிக் கும்பிடுகிறார்கள். பையன் வீட்டில் தொழுகிறார்கள். இரண்டு வீட்டிலும் கேட்பது ஒரே வேண்டுதல்: என் பிள்ளை நன்றாயிருக்க வேண்டும். பின்வரிசையில் யாரோ விசும்பினார்கள்.

இடைவேளையில் பெரிய மனிதர் சோளப்பொரியை நீட்டினார்.

“அந்த அப்பனைப் பார்த்தீங்களா சார்? மனுஷனா அவன்?”

“கல்லுங்க, கல்லு” என்றார் சாவியார்.

“நான் பஸ் டிரைவர். குறுக்கே நாய் வந்தாக்கூட பிரேக் போடுவேன். இவன் பெத்த பொண்ணு மேல ஏத்துறான்!”

இடைவேளைக்குப் பிறகு அந்தக் காட்சி வந்தது. பெண் மழையில் நனைந்துகொண்டு வீட்டு வாசலில் நிற்கிறாள். “அப்பா, ஒரே ஒரு வார்த்தை பேசணும்ப்பா” என்கிறாள். அப்பன் உள்ளே, கதவில் காதை வைத்துக் கேட்கிறான். கை தாழ்ப்பாள் வரை போகிறது. நிற்கிறது. தியேட்டரில் மூச்சுச் சத்தம் இல்லை.

“கதவைத் திறய்யா!” என்று ஒரு குரல் வெடித்தது.

சாவியாருடைய குரல்தான்.

“திறடா பாவி!” என்று டிரைவரும் எழுந்துவிட்டார். தியேட்டரே கை தட்டியது. திரையில் அப்பன் கடைசியாகக் கதவைத் திறந்தான். வாசலில் மழை மட்டும்தான் இருந்தது. சாவியாரும் டிரைவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்கள்.

விளக்குப் போட்டார்கள். சாவியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகள் பக்கம் திரும்பினார்.

நாற்காலி காலி.

“எங்கே அவ?”

“இங்கேதானே இருந்தா?” என்றாள் மனைவி.

அவருக்குப் பெட்டி ஞாபகம் வந்தது. யார் கால், எவர் கால் என்று பார்க்காமல் மிதித்துக்கொண்டு ஓடினார். வெளிக்கூடத்தில் நூறு முகம், நூறும் அழுத முகம். அதில் மகள் முகம் இல்லை. தெருவாசல் வரை ஓடினார். திரும்பினார். தெரியாத பெண்ணையெல்லாம் “அம்மாடி, அம்மாடி” என்று கூப்பிட்டார்.

“அப்பா!”

குடிதண்ணீர்க் குழாயடியில் நின்றாள். முகம் கழுவியிருந்தாள். பக்கத்தில் ஒரு இளைஞன் கைக்குட்டையை நீட்டிக்கொண்டிருந்தான். சாவியார் பாய்ந்து வந்தார். அப்படியே மகளைக் கட்டிக்கொண்டார்.

“எங்கேம்மா போயிட்டே?”

“மூஞ்சி கழுவத்தான்ப்பா. எங்கேயும் போகலை.”

மூச்சு வாங்க டிரைவர் வந்து சேர்ந்தார். “பொண்ணு கிடைச்சாச்சா சார்?” என்றவர், இளைஞனைப் பார்த்ததும் பிரேக் போட்டார். “டேய்! பின்சீட்டுல உட்காருன்னா, நீ இங்கே யாருக்குடா கைக்குட்டை கொடுக்கிறே?”

“உங்க... உங்க பையனா?” என்றார் சாவியார்.

“ஆமா சார். பல் டாக்டர்.”

இரண்டு மனைவிகளும் அவசரமே இல்லாமல், தோளோடு தோள் உரசிப் பேசியபடி வந்தார்கள். பத்து வருஷம் பழகினவர்கள் மாதிரி. சாவியார் மனைவி அவருக்கு முன்னால் வந்து நின்றாள்.

“முந்நூறு பேர் கேட்கக் ‘கதவைத் திறய்யா’ன்னு கத்தினீங்களே. இப்ப சொல்லுங்க. திறக்கிறீங்களா, இல்லே நானும் அப்படியே கத்தட்டுமா?”

சாவியார் மகளைப் பார்த்தார். அவள் கை இன்னும் அவர் சட்டையைப் பிடித்திருந்தது.

“திறந்தாச்சு” என்றார்.

டிரைவரின் மனைவி ஒரு பார்வை பார்த்தாள். “எனக்கும் சம்மதம்” என்றார் டிரைவர், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே.

பெண்கள் இருவரும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்கள். ஆண்கள் இருவரும் பின்னால்.

“பையனுக்குப் புத்தி வரட்டும்னு நான்தான் சார் கூட்டிட்டு வந்தேன்” என்றார் டிரைவர் மெல்ல.

“நானும் அதுக்குத்தாங்க.”

நாலடி நடந்த டிரைவர் சட்டென்று நின்றார்.

“உங்களுக்கு டிக்கெட் எடுத்தது யாரு?”

“வீட்டுல. உங்களுக்கு?”

“எங்களுக்கும் வீட்டுலதான், சம்பந்தி.”