எருமைக்கு ஸ்தோத்திரமும் என் நாவலின் முன்னோட்டமும்

பத்தொன்பது வயதில் நான் ஒரு நாவலாசிரியை. இதை முடிவு செய்தது நான்தான். வேறு யாருக்கும் அதில் பங்கில்லை. எங்கள் பக்கம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம் அது. கோடு போட்ட நோட்டில் ஒரு காதல் நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். வெட்கப்படும் தோழியை ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்குக் கட்டிவைக்க இரண்டு சிநேகிதிகள் படும் பாடுதான் கதை.

நோட்டை யாருக்கும் கொடுக்கமாட்டேன். (கொடுத்தால் மதிப்புப் போய்விடுமாம்!) ஞாயிறுதோறும் அதிலிருந்து ருசியான நாலு வரியைத் துண்டுக் காகிதத்தில் எழுதி, பாட்டுப்புத்தகத்துக்குள் வைத்து, ஆலயத்தில் பெண்கள் பக்கம் ஓடவிடுவேன். அடியில் "மீதி அடுத்த ஞாயிறு" என்று போடுவேன். வாரம் முழுக்கப் பிள்ளைகள் "ஏட்டி, பொறவு என்னாச்சு?" என்று என் பின்னாலேயே அலைவார்கள். எனக்குத் தலைகால் புரியாது.

அந்த வாரத் துண்டு மகா விசேஷம். கதையில் சிநேகிதிகள் கள்ளக் கல்யாண ஓலை ஒன்று தயாரிக்கிறார்கள். (எங்கள் சபையில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, தடை உண்டா என்று கேட்பார்கள்.) அந்த ஓலையை அப்படியே துண்டில் எழுதினேன். நாயகிக்கு என் உயிர்த்தோழி லில்லியின் பெயர். நாயகனுக்கு ஊருக்குப் புதிதாக வந்த சாமுவேல் வாத்தியாரின் பெயர். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றுதான்.

அதே ஞாயிறு அம்மாவும் ஆலயத்தில் வாசிக்கச் சொல்லி ஒரு துண்டு தந்தாள். எங்கள் எருமை நோய் தீர்ந்து எழுந்ததற்கு ஸ்தோத்திரம். "உபதேசியாருக்க கையில குடுத்திரு மக்கா, மறந்திராத" என்றாள். அதே ஞாயிறுதான் லில்லியைப் பெண் பார்க்க ஆரல்வாய்மொழியிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். லில்லி அந்தப் பையனை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தாள். அதற்கே அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆராதனை நடுவே லில்லி பாட்டுப்புத்தகத்தைத் திறந்தாள். என் காதில், "என்னட்டி, எரும எந்திச்சு நிக்குதுன்னு எழுதியிருக்க? இதாக்கும் காதலா?" என்றாள். அப்படியானால் உபதேசியார் கையில் இருப்பது?

போதகரான ஐயர் அன்று வேறு சபைக்குப் போயிருந்ததால் உபதேசியார்தான் ஆராதனை நடத்தினார். அவரோ கையில் கிடைத்த எழுத்தை எல்லாம் ஒரே ராகத்தில் வாசித்துத் தீர்ப்பவர். "லில்லிக்கும் சாமுவேலுக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. தடை உண்டானால் எழுந்து சொல்லலாம். மீதி அடுத்த ஞாயிறு." ஓலை மூன்று ஞாயிறு வாசிப்பதுதானே, ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. மாப்பிள்ளையின் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். லில்லியின் முகம் வெளிறிப் போயிற்று. ஐயோ, என் கிறுக்குத்தனத்தால் அவள் கல்யாணம் போகிறதே!

துள்ளி எழுந்தேன். "தடை உண்டு! லில்லி அவரைக் கெட்டப்பிடாது!" அதற்குமேல் அழுகைதான் வந்தது.

சபை மொத்தமும் திரும்பியது. ஆண்கள் பக்கம் சாமுவேல் வாத்தியார் பாட்டுப்புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். ஆரல்வாய்மொழி அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஓ, ஓலையில பேரு மாறிப்போச்சு! வாத்தியார நெனச்சிட்டு இருக்கது இந்தப் பிள்ளையாக்கும்!" என்று சிரித்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார். லில்லி பிழைத்தாள். நான் மாட்டினேன்.

"அது நாவலாக்கும், நாவலாக்கும்" என்று வீட்டில் தலையில் அடித்துக்கொண்டேன். சாட்சிக்கு நோட்டையும் நானே எடுத்துக் கொடுத்தேன். (என்ன புத்தி பாருங்கள்!) அம்மா ஒரு வரி விடாமல் வாசித்தாள்.

"கதையெல்லாம் செரி. வாத்தியாருக்க மீசைக்கு மட்டும் எதுக்குட்டி மூணு பக்கம்?"

அதுவரை எனக்கே தெரியாது, கர்த்தர் சாட்சி.

லில்லி ஆரல்வாய்மொழிக்கு வாழப் போனாள். சில மாதத்தில் எனக்கும் சாமுவேலுக்கும் நிஜமான ஓலை வாசித்தார்கள். தடை உண்டா என்று கேட்டபோதெல்லாம், மூன்று ஞாயிறும், ஊரே என்னைத்தான் திரும்பிப் பார்த்தது.

நாவல் அந்த மீசையோடு நின்றுபோயிற்று. லில்லி மட்டும் இன்றைக்கும் எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும், "ஏட்டி, எருமைக்குச் சொகந்தானா?" என்றுதான் கேட்கிறாள். உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் நரைத்த மீசையைத் தடவிக்கொண்டே பதில் சொல்கிறார்: "ஸ்தோத்திரம், எந்திச்சு நிக்குது!"