முட்டி தனியா கிடைக்காது

இனிமேல் யாரும் என்னிடம் வந்து வலி வலி என்று புலம்ப வேண்டாம். திருவண்ணாமலையின் வலி மொத்தத்தையும் ஒரே ஆள் குத்தகைக்கு எடுத்துவிட்டார். உங்களுக்கு வந்ததெல்லாம் அவர் சிந்தியது.

அந்த ஆளின் பெயர் ஸ்பெஷல். செங்கம் ரோட்டில் நான் தினமும் சாப்பிடும் டிபன் கடையில் சப்ளையர். ஒரே கையில் ஐந்து தட்டுகளை அடுக்கிக்கொண்டு வந்து, "இட்லி பொங்கல் பூரி தோசை இடியாப்பம், ஸ்பெஷல் அடை!" என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பார். அதனால்தான் அந்தப் பெயர். சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருந்தால் சரி.

உடம்பையும் அதே ராகத்தில்தான் ஒப்பிப்பார். மரியாதைக்கு "எப்படிய்யா இருக்கே?" என்று கேட்டுவிடக் கூடாது. "கழுத்து தோள்பட்டை முதுகு இடுப்பு குதிகால், ஸ்பெஷல் முட்டி!" ஒருநாள் இரண்டு பட்டியலும் வாயில் கலந்துவிட்டன. ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒன் இடுப்பு, ப்ளீஸ்" என்றார். ஸ்பெஷல் சிரிக்கவில்லை. இடியாப்பத்தைக் கொண்டுபோய் வைத்தார். "இடுப்பு வெரி நைஸ்" என்று அந்த மனுஷன் இன்னொரு இடுப்பும் வாங்கிச் சாப்பிட்டார்.

கடைசியில் முட்டி தேய்ந்து, அவர் நடந்தாலே துருப்பிடித்த கேட்டைத் திறக்கிற சத்தம் வந்தது. மாற்று முட்டி வைக்க வேண்டும் என்றார்கள். அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரி வாசனை வந்தாலே மயக்கம் வரும். அதனால் துணைக்கு நான் போனேன்.

"எங்க வலிக்குது?" என்றார் பெரிய டாக்டர்.

"கழுத்து தோள்பட்டை முதுகு..."

"முட்டிய மட்டும் சொல்லுங்க."

"முட்டி தனியா கிடைக்காது சார். செட்டாதான் வரும்."

டாக்டர் சிரித்தார். நர்ஸ் சிரித்தார். "யோவ், இது என்னா பூரியா?" என்று நான் அதட்டினேன். அவர் சொன்னதை ஒருத்தரும் காதில் வாங்கவில்லை.

ஆபரேஷன் பிரமாதமாக முடிந்தது. எக்ஸ்ரேவில் புது முட்டி எவர்சில்வர் டம்ளர் மாதிரி பளபளத்தது. பக்கத்துக் கட்டிலில் அதே ஆபரேஷன் செய்துகொண்ட அடி அண்ணாமலை விவசாயி, வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாளிலேயே வரப்பில் நடக்கிறாராம். நம் ஆளோ பாத்ரூம் வரை போகவே மலையைச் சுற்றியவர் மாதிரி மூச்சு வாங்கினார். மாதங்கள் போயின. அதே கதைதான்.

கடை முதலாளி என்னிடம் கறாராகச் சொல்லிவிட்டார்: "தீபத்துக்கு ஊரே திரண்டு வரும் சார். அதுக்குள்ள நின்னு வேலை செய்யணும். இல்லன்னா டோக்கன் குடுக்கற சீட்ல உக்காரட்டும்."

இதை நான் போய்ச் சொன்னதும் ஸ்பெஷலுக்குக் கண் கலங்கிவிட்டது. "உக்காந்துக்கினு ஒருத்தருக்குச் சோறு போட முடியுமா சார்? அதுக்கு அந்த ஆபரேஷன்லயே போய்ச் சேர்ந்திருக்கலாம்."

"வாயைக் கழுவுய்யா" என்று கத்திவிட்டு, பிசியோதெரபிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள்.

"வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்டாள்.

"முப்பத்தெட்டு."

"பத்துக்குள்ள சொல்லுங்க."

"முட்டி மூணு, கழுத்து ஆறு, இடுப்பு எட்டு... டோட்டல் போட்டா அதாம்மா வருது. ஐட்டம் ஐட்டமாவா பில்லு குடுப்பாங்க?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை. "முட்டி மூணுதானா? மத்ததெல்லாம் ஆபரேஷனுக்கு முன்னாடியே இருந்துச்சா?"

"வருஷக்கணக்கா இருக்கு."

"தூக்கம்?"

"அது நம்ம மெனுவுலயே இல்லம்மா."

அப்போதுதான் அவள் விளக்கினாள். புது முட்டியில் ஒரு குறையும் இல்லை. ஏற்கெனவே உடம்பெல்லாம் வலி இருப்பவர்கள் சிலருக்கு முட்டியை மாற்றினாலும் தேற நாளாகும். மற்றவர்கள் அளவுக்கு வலி குறையாமலும் போகலாம். அது நடிப்பும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. தூக்கம், கழுத்து, இடுப்பு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். "முன்னாடியே சொல்லியிருந்தா, அதுக்கு ஏத்த மாதிரி தயார் பண்ணியிருக்கலாம்" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். "சொன்னாரும்மா! மெனு மாதிரி சொன்னாரு! செட்டாதான் வரும்னு சொன்னாரு! உலகத்துல எவன் கேட்டான்?"

"மெதுவா பேசுங்க சார்," என்றார் ஸ்பெஷல், "தலைவலியையும் லிஸ்ட்ல சேத்துடாதீங்க."

அதன்பிறகு எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்தியம் நடந்தது. தூக்கம் கொஞ்சம் வந்தது. நடை இன்னும் கொஞ்சம் வந்தது.

தீபத்துக்கு முந்தின வாரம் கடைக்குள் நுழைந்தேன். டோக்கன் சீட்டில் வேறு யாரோ இருந்தார். ஸ்பெஷல் மேசைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரே ஒரு தட்டு.

"எப்படிய்யா இருக்கே?"

"எல்லா ஐட்டமும் இருக்கு சார். கொஞ்சம் கம்மி."

"முட்டி?"

"இன்னிக்கு ஸ்பெஷல் அது இல்ல சார். அடை."

காபி சொன்னேன். டபராவைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மேசையாகத் தொட்டுத் தொட்டு, அவர் என்னிடம் வந்து சேர்வதற்குள் காபி பச்சைத் தண்ணீராக ஆறிவிட்டது. வேறு எவன் கொண்டு வந்திருந்தாலும் முகத்துக்கு நேராகத் திட்டித் திருப்பி அனுப்பியிருப்பேன்.

குடித்துவிட்டு இன்னொன்று சொன்னேன்.