மறுப்புச் சொல்லாத மஞ்சள் கோட்டு

இனிமேல் சுவராக இருப்பதில்லை என்று மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பல் துலக்கிக்கொண்டே முடிவெடுத்தேன்.

உவமைக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே நான் சுவராகத்தான் இருந்தேன். என் மனைவி ரன்வா கடலை வரைகிறவள். வட அட்லாண்டிக் நடுவில் இருக்கும் எங்கள் பரோயே தீவுகளில் அது லேசான காரியமில்லை. பென்சில் சீவ ஆரம்பிக்கும்போது வெயில் அடிக்கும். சீவி முடிப்பதற்குள் மழை. ரப்பரைத் தேடினால் மூடுபனி. கண்டுபிடித்தால் ஆலங்கட்டி. காற்று மட்டும் விடுப்பே எடுக்காது. முதல் மாதம் நாலு படங்களைப் பிடுங்கிக்கொண்டு போனது. ஐந்தாவது படத்தோடு நாற்காலியும் போனது. அன்றுதான் அவள் பார்வை என்மேல் விழுந்தது. என் அகலத்தின்மேல் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

"என்னங்க, கொஞ்சம் இப்படி வந்து நில்லுங்க."

"எதுக்கு?"

"சும்மா நில்லுங்க. ஆங், அப்படித்தான். என்னைப் பாக்க வேணாம், காத்தைப் பாத்து நில்லுங்க. உங்க முதுகுதான் எனக்கு வேணும்."

இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் என்னிடம் இருக்கும் எதையும் அவள் வேணும் என்று கேட்டதில்லை. நெகிழ்ந்துபோய் நின்றுவிட்டேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அதற்கப்புறம் வாரத்தில் மூன்று நாள், குன்றின் உச்சியில், மஞ்சள் மழைக்கோட்டும் தொப்பியுமாக இரண்டு இரண்டு மணி நேரம். முன்பக்கம் ஆலங்கட்டி, பின்பக்கம் பேச்சு. ஆலங்கட்டியாவது நடுவில் நிற்கும்.

பேச்சு முழுக்க அவள் அண்ணன் யால்மாரைப் பற்றி.

"அண்ணன் கோடைக்கு நம்ம வீட்டுக்கு வரட்டுமாங்க?"

"வேணாம்."

"பாவங்க, தெற்குத் தீவுல தனியாக் கெடக்கார்."

"துணைக்குத்தான் அக்கார்டியன் இருக்கே!"

மச்சான் ஒரு வாரம் என்று வந்தால் மூன்று மாதம் இருப்பார். அடுப்புப் பக்கத்தில் என் நாற்காலியில்தான் உட்காருவார். காலை ஆறு மணிக்கு வாசிக்க ஆரம்பிப்பார். அவருக்குத் தெரிந்தது மொத்தம் ஒன்றரைப் பாட்டு. அந்த அரைப் பாட்டைத்தான் அதிகம் வாசிப்பார்.

மற்ற எல்லா விஷயத்திலும் எங்கள் வீட்டில் ரன்வா வைத்ததுதான் சட்டம். விருந்தாளி விஷயத்தில் மட்டும் என் சம்மதம் வேண்டும். கல்யாணமான புதிதில் செய்துகொண்ட ஒப்பந்தம். எனக்கு மிஞ்சியிருந்த ஒரே அதிகாரம் அதுதான். அதையும் விட்டுவிட்டால் அப்புறம் நான் வெறும் முதுகு.

அந்தச் செவ்வாய்க்கிழமை ரன்வா கடைக்குப் போன நேரம் பார்த்து வேலையை ஆரம்பித்தேன். உடைந்த துடுப்பு ஒன்று. குறுக்கே ஒரு கழி. என் இன்னொரு மஞ்சள் கோட்டு, பழைய கால்சட்டை, தொப்பி. உள்ளே காய்ந்த புல்லை அடைத்தேன். வயிற்றுக்கு மட்டும் ஒன்றரைக் கட்டு பிடித்தது. கொஞ்சம் வருத்தமாக இருந்தது. ஆளைக் கொண்டுபோய்க் குன்றின்மேல் பாறைக்குப் பின்னால் படுக்கவைத்தேன்.

வழக்கம்போல் சுவராகப் போய் நின்றேன்; பதினோரு மணிக்கு மூடுபனி இறங்கியது. கையில் இருந்த பென்சில் ரன்வாவுக்கே தெரியாத அளவுக்கு. அந்த மறைவில் அவனை என் இடத்தில் நட்டுவிட்டு, சரிவில் இறங்கித் நண்பன் தும்மாஸின் படகுக் கொட்டகைக்கு ஓடினேன்.

பேர்தான் தும்மாஸ். அவன் தும்மி நான் பார்த்ததே இல்லை. மழையில் அவனை நிறுத்த ஆளில்லை. பிரம்மச்சாரி.

"என்ன மாப்ள, சுவருக்கு லீவா?"

"பதில் ஆள் போட்டிருக்கேன்."

"தங்கச்சி கண்டுபிடிச்சுட்டா?"

"முதுகைப் பாத்து என்னத்தைக் கண்டுபிடிப்பா?"

காப்பி, காய்ந்த ஆட்டிறைச்சி, சீட்டுக்கட்டு. தகரக் கூரைமேல் ஆலங்கட்டி தடதடவென்று விழுந்தது.

"ஐயோ பாவம், நான் இப்ப எப்படி நனைஞ்சுக்கிட்டு இருக்கேனோ!" என்றேன். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

சிரித்து முடித்துக் கதவைத் திறந்தால் பளீரென்று வெயில். எனக்கு வேண்டியது மூடுபனி. அது இல்லாமல் எப்படி ஆள் மாறுவது? பிறந்த நாளிலிருந்து வெயிலுக்கு ஏங்கியவன், அன்று வெயிலைப் பார்த்துப் பல்லைக் கடித்தேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான் ஒரு மழை வந்தது. ஆடுகளோடு ஆடாக நாலு காலில் ஏறினேன். என் பதில் ஆள் கொஞ்சம் சாய்ந்திருந்தான். ஒரு கால்சட்டைக் கால் காலியாகப் படபடத்தது. காற்று உருவியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் ஓர் ஆடு எதையோ மென்றபடி என்னைப் பார்த்தது. அவனை இழுத்துப் பாறைக்குப் பின்னால் போட்டுவிட்டு விறைப்பாக நின்றேன்.

மழை விட்டது.

"போலாங்களா? இன்னிக்கு அசையாம நின்னீங்க. ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றாள் ரன்வா.

வழியெல்லாம் நாற்காலியை அவளே தூக்கி வந்தாள். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வீட்டில் உட்கார்ந்து காப்பியை வாயில் வைக்கும்போது பக்கத்து வீட்டு மர்யூன் உள்ளே வந்தாள்.

"அண்ணே, உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு!"

"எதுக்கும்மா?"

"யால்மார் அண்ணனை மூணு மாசம் வெச்சுக்க ஒத்துக்கிட்டீங்களே!"

காப்பி மூக்கு வழியாக வந்தது. "நானா? எப்போ?"

"ஆலங்கட்டி விழுந்தப்போ" என்றாள் ரன்வா, வாஃபிள் அப்பத்தில் ஜாம் தடவிக்கொண்டே. "மூணு தடவை கேட்டேன். இஷ்டமில்லேன்னா இப்பவே சொல்லிடுங்கன்னேன். நீங்க ஒரு வார்த்தை மறுக்கல."

"காத்துல காது கேட்டிருக்காது."

"அதனாலதான் சரின்னா தலையையாவது ஆட்டுங்கன்னேன்."

"ஆமாண்ணே" என்றாள் மர்யூன். "என் ஆட்டைத் தேடிக்கிட்டு அங்கதான் வந்தேன். தூரத்துலேர்ந்தே என் கண்ணால பாத்தேன். இப்படியும் அப்படியும் நல்லாவே ஆட்டினீங்க."

"ஐயோ, அது நானில்…" வார்த்தை பல் வரைக்கும் வந்துவிட்டது.

"நீங்க இல்லாம வேற யாருங்க?" ரன்வாவின் முகத்தில் பச்சைக் குழந்தையின் கள்ளமின்மை.

மூக்கைத் துடைத்துக்கொண்டேன். மர்யூன் போனதும் ரன்வா படம் வரையும் நோட்டை விரித்து என் முன்னால் வைத்தாள். கடல், இரண்டு அடுக்கு மேகம், கிழிசல் வழியாக ஒரு வெயில் கீற்று. எல்லாம் பென்சில். நடுவில் கோட்டுக்கு மட்டும் மஞ்சள் தொட்டிருந்தாள். அதன் முழங்காலிலிருந்து ஓர் ஆடு புல்லை உருவித் தின்றுகொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால், அவள் வரைந்ததிலேயே அதுதான் நல்ல படம்.

"எப்பத் தெரிஞ்சது?"

"மூடுபனி விலகினதுமே. பத்து நிமிஷமா இடுப்பு வலிக்குதுன்னு நீங்க சொல்லல. அப்பவே சந்தேகம். அப்புறம் ஆடு வந்து சாட்சி சொல்லிடுச்சு."

"தெரிஞ்சுமா அண்ணனைப் பத்திக் கேட்டே?"

"தெரிஞ்சதாலதாங்க கேட்டேன். உங்க சம்மதம் இல்லாம வீட்டுக்குள்ள ஒரு துரும்பு அசையாதும்பீங்க. இன்னிக்கு அந்தத் துரும்பே சம்மதிச்சுடுச்சு."

ஊரெல்லாம் சிரிக்க உண்மையை ஒத்துக்கொள்வதா, ஒன்றரைப் பாட்டை மூன்று மாதம் கேட்பதா என்று கணக்குப் போட்டேன். மர்யூனிடம் ஒரு செய்தி போனால், அது மறுநாள் எங்கள் பதினெட்டுத் தீவுக்கும் போய்விடும். பாட்டே பரவாயில்லை.

"எப்ப வர்றார்?"

"மலை மேலேர்ந்தே போன் பண்ணிட்டேன். சாயங்காலக் கப்பல். துறைமுகத்துக்குப் போய் அக்கார்டியன் பெட்டியைத் தூக்கிட்டு வாங்க."

ஜன்னலில் மறுபடியும் ஆலங்கட்டி படபடத்தது.

"இந்த மழையிலயா? நானேவா போகணும்?"

"அந்த மஞ்சள் கோட்டுக்காரரைத்தான் அனுப்பலாம்னு பாத்தேன்" என்றாள் ரன்வா. "ஒரு காலை ஆடு தின்னுடுச்சே!"