செய்யூரிலிருந்து ஒரு தையல் சத்தம்

ஊரே வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் சாலமோன் ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்தார். படுத்ததுதான் மிச்சம், பொட்டுத் தூக்கமில்லை. கல்பாக்கத்தில் அவருக்கு ராத்திரிக் காவல் வேலை. பகலில் தூங்காமல் போய் டூட்டியில் கண்ணசந்தால் வேலைக்கே உலை. சூப்பர்வைசர் ஏற்கெனவே ஒருமுறை எச்சரித்துவிட்டார்.

எல்லாம் வாய்க்கொழுப்பு. மனைவி செங்கம்மாள் வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள். போன வாரம், "உன் மிஷின் சத்தத்துல பொணம்கூட எழுந்து உக்காரும்" என்று கத்திவிட்டார். அவள் மிஷினை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு செய்யூரில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

வீடு கப்சிப். அந்த அமைதியில்தான் மனுஷனுக்குத் தூக்கம் பறிபோனது. இத்தனை வருஷமும் தன்னைத் தூங்கவைத்தது எது என்று இப்போதுதான் உறைத்தது. ஆனால் வா என்று கூப்பிட ரோஷம் விடுமா?

போனில் மழைச் சத்தம் வைத்துப் பார்த்தார். கண் சொருகும்போதெல்லாம் ஐயோ, கொடியில் துணி காயுதே என்று எழுந்து ஓடினார். கிரைண்டரை ஓடவிட்டார். தூக்கம் வரவில்லை, மாவு வந்தது. மூன்று வேளையும் தோசை. கடைசியில் டெய்லர் மணியின் கடை பெஞ்சில் போய்ச் சாய்ந்தார். மணியுடையது கரண்டு மிஷின், கொசு மாதிரி ஙொய்யென்றது. செங்கம்மாள் காலால் மிதிக்கும் அந்தக் கடகட எங்கே, இது எங்கே?

ரோஷத்தை மூட்டை கட்டிவிட்டு மச்சினன் ஜெபக்குமாருக்குப் போன் போட்டார். அக்காவுக்குத் தெரியாமல் போனை மிஷின் பக்கத்தில் வைக்கச் சொல்லிக் கெஞ்சினார். அவனும் வைத்தான்.

கடகட, கடகட. அவளே பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. போனைத் தலையணையில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை அடித்துப்போட்ட மாதிரி தூங்கினார். மறுநாளும் அப்படியே.

ஆனால் தூக்கம் வந்ததும் புதுக் கவலை வந்தது. நாள் முழுக்க மிஷின் ஓடுகிறதே, அங்கே இவ்வளவு ஆர்டர் இருந்தால் இவள் எதற்குத் திரும்பி வருவாள்? பொறுக்கமாட்டாமல் மச்சினனிடமே கேட்டார்.

"அங்க வேல ஜாஸ்தி போல கீது. அவ இனிமே வரமாட்டாளா மச்சான்?"

ஜெபக்குமார் குரலைத் தாழ்த்தினான்.

"இன்னா வேல மாமா? தைக்க இங்க ஒரு துண்டுத் துணிகூட கிடையாது. நீ போன் போட்டா போதும், அக்கா கதவ சாத்திகினு, நீ எழுந்திருக்கிற வரைக்கும் வெறும் மிஷின மிதிச்சிகினு உக்காந்துகீது."