ஐம்பத்துநாலு காக்கா இறகு

தணிகாசலத்துக்கு இன்னும் பதினோரு இறகு வேண்டியிருந்தது.

பியானோவுக்கு முந்திய ஹார்ப்சிகார்ட் என்ற வாத்தியத்தை, தாவீது வாத்தியார் கொடுத்த படத்தைப் பார்த்து, வீட்டுப் பட்டறையில் இழைத்துக்கொண்டிருந்தார். கட்டையை அழுத்தினால் ஓர் இறகுமுனை எழும்பிக் கம்பியைச் சுண்டும். ஐம்பத்துநாலு கம்பி, ஐம்பத்துநாலு காக்கா இறகு. வாத்து இறகே போதும் என்று வாத்தியார் பிறகு சொன்னதை அவர் நம்பவில்லை. அவர் யார் சொன்னதையும் நம்பியவர் இல்லை.

உதிர்ந்த இறகெல்லாம் பிளந்துபோனது. சோறு போட்டு, கூடையைக் கவிழ்த்து, இரண்டு காக்காயைப் பிடித்துப் பிடுங்கினார். மறுநாளே ஒரு காக்கா அவர் வழுக்கையில் கொத்தியது. மனைவி கங்கம்மாவின் சிவப்புச் சேலையை முக்காடு போட்டுக்கொண்டு நடந்தார். அப்புறம் அந்தச் சேலையில் வந்த கங்கம்மாவுக்கும் கொத்து விழுந்தது.

இன்று அவள் அம்மாவின் தெவசம். வாசலில் இலையில் வைத்த சோறு காய்ந்துகொண்டிருந்தது. புங்கமரத்துக் காக்கா சோற்றைத் தொடவில்லை. அவர் தலையைத்தான் தேடியது.

"எங்கம்மாவ இன்னாய்யா பண்ணே?"

"நானா? நான் இன்னா பண்ணேன்?"

"பின்ன ஏன் உன்னியே கொத்துது? அது துன்னாம நானும் பச்சத்தண்ணி குடிக்கமாட்டேன். மன்னாப்பு கேளு."

இறகு விஷயத்தைச் சொன்னால் வாத்தியப் பெட்டி அடுப்புக்குப் போய்விடும். ஒன்றரை வருச வேலை. கையைக் கூப்பினார்.

"அத்தே, தப்புதான்."

காக்கா கொத்தியது.

"இன்னா தப்புன்னு சொல்லுய்யா!"

எதையாவது சொல்லி வைக்கத்தான் வாயைத் திறந்தார். வந்தது நிஜம்.

"அரிசி கெடைக்காத வருசம்... நீ நம்ம அரிசிய உன் மவனுக்குக் கடத்துறேன்னு நெனச்சி, அரிசிப் பொட்டிக்குப் பூட்டு போட்டேன். அன்னிக்கே மூட்டயத் தூக்கிக்கினு பள்ளிப்பட்டுக்கு, மவன் வூட்டுக்குக் கெளம்பிட்டே. நீ போவ சொல்ல மூட்டய அவுத்துப் பாத்தேன். ரெண்டு பொடவதான் இருந்துச்சி, அத்தே."

கங்கம்மா இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மவன் நெனப்பு வந்துதான் அம்மா போச்சின்னு சொன்னியேய்யா," என்றாள். "அங்கியே செத்துச்சி. நாலு வருசமா, நான்தான் எதனா சொல்லிட்டேனோன்னு கெடந்தேன்."

அவர் பட்டறைக்குள் போனார். மாட்டியிருந்த நாற்பத்துமூன்று இறகையும் பிடுங்கி வந்து இலையோரம் வைத்தார்.

"இதுவும் நான்தான்."

அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை.

தபால்காரர் கலியன் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தார்.

"இன்னா நைனா, வெறுந்தலயோட நிக்கிறே? மரத்துல காக்கா குஞ்சு பொரிச்சிக்கீது, பத்து நாளா தெருவுல ஒருத்தரயும் உடாம கொத்துது!"